ஓடும் பேருந்தும் நியூட்டன் விதியும்

அமராவதிபுதூர் நிறுத்தத்தில் காரைக்குடிப் பேருந்து சட்டென நிற்கும்போது, நின்று பயணம் செய்வோர் முன்னே சாய்வதைக் கண்டிருப்பீர்கள். பேருந்து நின்றாலும் உடல் தொடர்ந்து ஓட முயல்கிறது. இப்பண்பே நிலைமம். வெளிவிசை தாக்காதவரை, இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் இயங்கும் என 1687-இல் வெளியான நூலில் நியூட்டன் கூறினார். கம்பியைப் பிடித்த கை அந்த விசையைத் தந்து நம்மை நிறுத்துகிறது.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். அவ்வேகத்தில் குதித்தால் கால் தரையில் நின்றுவிடும். உடலோ முன்னே பாயும். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகமும் ஏறக்குறைய இதுவே!

மாடியிலிருந்து குதிக்க அஞ்சும் நாம், பள்ளி மணி அடித்துவிட்டதென்று ஓடும் பேருந்திலிருந்து குதிக்கலாமா? தாமதத்திற்குக் கிடைக்கும் திட்டு மாலைக்குள் மறந்துவிடும். பேருந்து நின்றபின் இறங்குவோம்.