கொரியத்தில் முதல் பேச்சு

அன்பு மகளுக்கு,

கொரிய மொழியை எழுதும் எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். அரசர் செஜோங் 1443இல் அதை உருவாக்கி, 1446இல் மக்களுக்கு அறிவித்தார். அதுவரை கொரியர்கள் சீன எழுத்தையே நம்பியிருந்தனர். அது கற்றவர்களுக்கு மட்டும் எட்டிய எழுத்து. ஹங்குலில் அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. மெய்யெழுத்துகளின் வடிவம், அந்த ஒலி பிறக்கும்போது நாக்கும் வாயும் இருக்கும் நிலையைக் காட்டுகிறது. மகர ஒலிக்கு உதடு மூடிய வாயைக் குறிக்கும் ஒரு சதுரம். நகரத்துக்கு மேலண்ணத்தைத் தொடும் நாக்கின் கோடு. மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து ஓர் அசையாகின்றன. 247 எழுத்தை ஒப்பித்துப் பள்ளி முடித்தவருக்கு இந்த 24 ஒரு வாரப் பாடம்தான்.

அந்த ஒரு வாரத்தைச் செலவிடாமல், வாக்கியங்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவைத்து மனப்பாடம் செய்வதே தொடக்க நிலையில் பலர் செய்யும் தவறு. நிலா, முகமூடி, மகள் என்ற மூன்றுக்கும் கொரியத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் எழுதினால் மூன்றும் 'தால்' ஆகிவிடும். ஒன்று மென்மையான தகரம், ஒன்று மூச்சை வெளியே தள்ளிச் சொல்வது, மற்றொன்று தொண்டையை இறுக்கிச் சொல்வது. இந்தக் கடிதத்தில் வரும் சொற்களும் அப்படித்தான்: அடையாளத்துக்கு மட்டும். உச்சரிப்பைக் காதால் கேட்டே பிடிக்க வேண்டும்.

ஆனாலும் ஒலியில் தமிழருக்குச் சில இடங்களில் வேலை பாதி முடிந்திருக்கிறது. சொல்லின் முதலில் வல்லினமாக ஒலிக்கும் ககரம், 'அகம்' என்பதில் இடையில் வரும்போது இளகுகிறது. கொரியத்தின் சாதாரண க, த, ப ஒலிகளும் அதே மாதிரி நடக்கின்றன. கொரியத்தில் வெளிநாட்டினர் பலரும் திணறும் ஓர் உயிர் உண்டு. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் உகரம். 'அது', 'பாட்டு' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் கேட்கும் குற்றியலுகரம் கிட்டத்தட்ட அதுவேதான். இன்னோர் உயிர், 'பஸ்' என்னும்போது பகரத்தோடு வரும் ஒலிக்கு அருகில் நிற்கிறது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் இங்கே 'ஒ' என்று எழுதப்படுகிறது.

வாக்கிய அமைப்பு இன்னும் எளிது. 'ஜொனுன் முருல் மஷொயோ' என்றால் 'நான் தண்ணீரைக் குடிக்கிறேன்'. 'மூல்' தண்ணீர், அதோடு ஒட்டிய 'உல்' நம் ஐ உருபு. வினை கடைசியில்தான் வரும். எழுவாய் தெரிந்தால் விட்டுவிடலாம். குடிக்கிறேன், குடிக்கிறாய், குடிக்கிறார் என்று வினை மாறவும் மாறாது. இந்த ஒற்றுமைகளைக் கண்டு இரண்டும் ஒரே குடும்பம் என்று எழுதியவர்கள் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அப்பாவை அங்கேயும் 'அப்பா' என்கிறார்கள் என்பதில் மகிழலாம். அதை வைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மாறாத வினையில் மாறுவது மரியாதை. 'மஷொயோ' என்பதில் வரும் 'யோ', கொங்கு நாட்டில் பேச்சுக்குப் பேச்சு ஒட்டும் 'ங்க' போன்றது. அதை எடுத்துவிட்டால் 'குடி' என்று ஒருமையில் அழைத்ததாகிவிடும். நெருங்கிய நண்பர்களும் வீட்டாரும் அப்படிப் பேசலாம். அலுவலகம், அறிவிப்பு, மேடை என்றால் 'ம்னிதா' என்று முடியும் இன்னும் முறையான வடிவம் உண்டு. கொரியத் தொலைக்காட்சி நாடகங்களில் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் கற்பவர்களுக்கு இடறும் இடம் இதுவே. அந்த நாடகங்களில் காதலரும் சகோதரரும் ஒருமையில் பேசிக்கொள்வதை ஒரு கடைக்காரரிடம் சொன்னால் முகம் சுளிப்பார். தொடங்குபவர் எல்லா வாக்கியத்தையும் 'யோ'வில் முடிப்பது பாதுகாப்பு.

வணக்கத்துக்கு 'அன்னியோங்ஹாசேயோ'. காலை, மாலை என்ற பிரிவு கிடையாது. நன்றிக்கு 'காம்சாஹம்னிதா'. விடைபெறுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது: கிளம்புகிறவரிடம் 'அன்னியோங்ஹி காசேயோ', நலமாகப் போங்கள், இருக்கிறவரிடம் 'அன்னியோங்ஹி கேசேயோ', நலமாக இருங்கள். கடையை விட்டு வெளியே வருபவர் சொல்ல வேண்டியது 'கேசேயோ'. புதியவர்கள் இதை மாற்றிச் சொல்லிக் கடைக்காரரையே வெளியே அனுப்பிவிடுவது வழக்கம். தெரிந்தவரைப் பார்த்தால் 'பாப் மொகொஸ்ஸொயோ' என்றும் கேட்பார்கள். 'பாப்' சோறு, 'சாப்பிட்டீங்களா' என்பதே பொருள். நம் ஊரைப் போலவே அங்கேயும் அது பெரும்பாலும் நலவிசாரிப்பு. சாப்பிட்டேன் என்றால் போதும், பட்டியல் சொல்ல வேண்டாம்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் கொண்டுபோக வேண்டுமானால் அது 'ஜூசேயோ', கொடுங்கள். 'மூல் ஜூசேயோ' தண்ணீர் தாருங்கள். 'இகொ ஜூசேயோ' இதைத் தாருங்கள். பெயர் தெரியாததைக் கைகாட்டியே வாங்கிவிடலாம். விலைக்கு 'ஒல்மாயேயோ', இடத்துக்கு 'ஒதியேயோ'. உணவகத்தில் பணியாளரைக் கூப்பிட 'யோகியோ', அதாவது 'இங்கேங்க'. 'க்வேன்சானாயோ' என்பது நம் 'பரவாயில்லை'. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டால் 'வேண்டாம், போதும்' என்பதற்கும் அதுவே. தவறுக்கு மன்னிப்பு 'மியானேயோ', பெரியவர்களிடம் 'ஜ்வேசோங்ஹம்னிதா'.

எண்களில்தான் உண்மையான உழைப்பு தேவை. கொரியத்தில் இரண்டு வரிசை எண்கள்: நாட்டு எண்கள் ஒன்று, சீனத்திலிருந்து வந்தவை மற்றொன்று. பொருள்களை எண்ணவும் வயதுக்கும் நாட்டு எண். பணத்துக்கும் தேதிக்கும் சீன எண். கடிகாரம் இரண்டையும் கலக்கும். 3 மணி 20 நிமிடம் 'சே ஷி இஷிப் புன்'. மணி நாட்டு எண்ணில், நிமிடம் சீன எண்ணில். நாட்டு எண்களில் சில பெயர்ச்சொல்லுக்கு முன் குறுகும்: 'ஒன்று' நமக்கு 'ஒரு' ஆவதுபோல 'ஹனா' அங்கே 'ஹன்' ஆகிறது. பணக் கணக்கு பத்தாயிரத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் பெயர் 'மான்'. செஜோங் அரசரின் படம் போட்ட நோட்டு ஒரு மான் வொன். லட்சம் என்ற தனிச்சொல் இல்லை. பத்து மான், 'ஷிம்மான்' என்பார்கள். இதைக் கடையில் நின்று மனத்துக்குள் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. வீட்டிலேயே பழகியிருக்க வேண்டும்.

அகராதியில் 'நீங்கள்' என்பதற்கு 'தங்சின்' என்று இருக்கும். அதை அறிமுகமில்லாதவரிடம் பயன்படுத்தக்கூடாது. நேர்ப்பேச்சில் அது கணவன் மனைவிக்கிடையிலும் சண்டையிலும் வருவது. சம வயதினரைப் பெயரோடு 'ஷி' சேர்த்து அழைக்கலாம். ஆசிரியரை 'சொன்செங்நிம்', கடை முதலாளியை 'சாஜாங்நிம்'. பெண் ஒருத்தி தன்னைவிட மூத்தவளை 'ஒன்னி' என்றும் மூத்தவனை 'ஓப்பா' என்றும் அழைப்பாள். ஆண் அதே உறவுகளை 'நூனா', 'ஹியோங்' என்பான். 'ஓப்பா' உலகெங்கும் பரவிவிட்டதால் அதை எல்லோரிடமும் சொல்லலாம் என்ற எண்ணம் இருக்கிறது. அது நெருக்கத்துக்கு உரியது. புதிதாகப் பார்த்தவர் வயதைக் கேட்டால் அது வம்பு அல்ல. எப்படி அழைப்பது என்று முடிவு செய்யும் வழி.

பேச்சு புரியாதபோது தலையாட்டுவதைவிட 'சொன்சொன்ஹி மல்ஹே ஜூசேயோ' என்பது மேல்: மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டே சொல் பேசினாலும் எதிரில் இருப்பவர் 'நன்றாகப் பேசுகிறீர்களே' என்று பாராட்டக்கூடும். அதற்கு 'அனியேயோ', இல்லைங்க, என்று மறுப்பதே அங்கே பழக்கம்.

அன்புடன்,
பெரியப்பா