ரே டான்ட்ரிட்ஜுக்கு வராத அழைப்பு

அன்புள்ள தம்பிக்கு,

1947-ல் ஜாக்கி ராபின்சன், கறுப்பரை ஒதுக்கிவைத்திருந்த மேஜர் லீக் பேஸ்பாலில் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆட வந்ததும் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு வழி பிறந்துவிட்டதுதானே என்று கேட்டிருந்தாய். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். உன் மேல் அல்ல, ஒரே வருஷத்தில் கதையை முடித்துவிடும் புத்தகங்கள் மேல். ரே டான்ட்ரிட்ஜை அவற்றில் எங்கே வைப்பாய்?

1913-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்தவர். கறுப்பருக்கெனத் தனியே இருந்த நீக்ரோ லீக்கில் நியூவர்க் ஈகிள்ஸுக்கு மூன்றாம் பேஸில் நின்றவர். வளைந்த கால்கள். அவற்றின் நடுவே ரயில் போகும், பந்து போகாது என்பார்கள். மூன்றாம் பேஸ் என்றால் என்னவென்று தெரிந்தவன் இதைக் கேலியாக எடுக்கமாட்டான். அடிப்பவருக்கும் அந்த பேஸுக்கும் இடையே 90 அடிதான். இழுத்து அடித்த பந்து நெஞ்சுக்கு நேரே சீறி வரும். அடுத்ததை வேண்டுமென்றே மட்டையில் மெல்லத் தட்டி உருட்டிவிடுவார்கள். பாய்ந்து போய், வெறுங்கையால் அள்ளி, நிமிராமலே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பேஸோரம் நின்று எறிந்தாலே 127 அடி. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் அழகெல்லாம் இங்கேதான். அடித்த கணக்கை மட்டும் ஒப்பிக்கிறவர்களோடு நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் இங்கே கணக்கு வேண்டும். 1940-களில் பெரும்பாலும் மெக்சிகோவில் ஆடினார். அங்கே சம்பளம் அதிகம், நிறம் கேட்கமாட்டார்கள். 1949-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை எடுத்து, தன் கீழ்நிலை அணியான மினியாபொலிஸ் மில்லர்ஸுக்கு அனுப்பியது. அடித்த சராசரி .362. மறுவருஷம் அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது. மேலே கூப்பிடவில்லை. 1951 மே மாதம் அதே அணியில் இருந்த 20 வயது வில்லி மேஸுக்கு அழைப்பு வந்தது. அவனுக்கு அண்ணன்போல் இருந்து வழிகாட்டிய டான்ட்ரிட்ஜ் அங்கேயே இருந்தார்.

வயதாகிவிட்டது என்பார்கள். 37 வயதுதான், மறுக்கவில்லை. இளமையை வெளியே நிறுத்தியவர்களே வயதைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்? ஓர் அணிக்கு இத்தனை கறுப்பர் போதும் என்ற எழுதாத கணக்கும் இருந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் கறுப்பரைச் சேர்த்ததே 1959-ல்.

1987-ல், 73 வயதில், கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்தான் என்று 2020-ல் அறிவித்தபோது அவர் இறந்து 26 வருஷமாகியிருந்தது.

நியூவர்க்கில் அவர் பக்கத்தில் நின்ற வில்லி வெல்ஸைப் பற்றி அடுத்துப் படி. ராபர்ட் பீட்டர்சன் 1970-ல் எழுதிய நீக்ரோ லீக் வரலாற்றிலிருந்து தொடங்கு. என் பிரதியைக் கேட்காதே, இரவல் போன புத்தகம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்