ஒலியால் உஷ்ணநிலை அறிதல்

தொலைவில் செல்லும் ரயிலின் ஓசை பகலைவிட இரவில் தெளிவாகக் கேட்பதை மாணவர் அறிவர். இதற்கு ஊரின் அமைதி மட்டும் காரணமன்று. இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேலடுக்கு வெப்பமாக இருப்பின், ஒலி கீழ்நோக்கி வளைகிறது. உஷ்ணம் ஒரு டிகிரி சென்டிகிரேட் மிகுந்தால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் மிகும்; வேகம் குறைந்த பக்கமாகவே ஒலி வளையும். கடலின் மேலடுக்குகளிலும் விதி இதுவே.

அவ்வாறாயின், வேகத்தை அளந்து உஷ்ணத்தை அறியலாமன்றோ? சித்தூர்–திருப்பதி சாலையிலுள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில், இம்முறை கையாளப்பட்டுள்ளது. அங்குள்ள ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளை மேலே செலுத்துவது; அவற்றின் நீளம் சுமார் 5.66 மீட்டர். அதிற் பாதி நீளமுள்ள ஒலியலைகளையும் உடன் மேலே அனுப்பினால், அடுத்தடுத்த ஒலிமுகங்களில் பட்டுத் திரும்பும் வானொலி அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். இதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வுகள் வேண்டும். குளிர்ந்த உயரங்களுக்குச் சற்றுக் குறைவு. திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றம் ஒலியின் வேகத்தைக் காட்டும். காற்றே மேலும் கீழும் அசைவதை அதிலிருந்து கழிக்க மறத்தலாகாது.

வானிலை பலூன் வழக்கமாக நாளுக்கு இருமுறையே ஏறும். இடிமேகம் அதற்காகக் காத்திராது. இம்முறையோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு தரவல்லது. ஆயினும் பலத்த காற்று ஒலிமுகங்களை ரேடாரின் பார்வைக்கு அப்பால் அடித்துச் சென்றுவிடும். ஆகவே ஒலிபெருக்கியைக் காற்று வரும் திசையில் நிறுத்துதல் நன்று.