வெட்டுத்தாளும் வண்ணமும்

"க" என்னும் எழுத்தைத் தடித்த தாளிலே பருமனாக எழுதி, அதன் வரையை மட்டும் வெட்டி எடுத்தால், இடப்புறச் சுழியினுள் அடைபட்ட துண்டும் உடன் கழன்று விழுந்துவிடும். ஸ்டென்சில் எனப்படும் வெட்டுத்தாள் வேலையில் மாணவர் முதன்முதல் இடறுவது இவ்விடத்திலேயாம். நடுவிற் கிடக்கும் அத்தீவைக் கரையோடு பிணைக்கச் சிறு பாலங்கள் விடுதல் வேண்டும்.

யப்பானியர் இத்தொல்லையை நுட்பமாகத் தீர்த்தனர். மரப்பட்டை நாரிற் செய்த தாளுக்குப் பனிச்சை இனக் காயொன்றின் சாற்றை ஊட்டி உறுதியாக்கினர். (முன்னாளில் நம் மீனவர் வலைக்கு ஊட்டியதும் அவ்வினக் காய்ச்சாறே.) பின்னர் இரு தாள்களின் இடையே பட்டிழைகளை வைத்தொட்டித் தீவுகளைத் தாங்கச் செய்தனர். அத்தாளைத் துணிமீது விரித்து, அரிசிப்பசையை அதன் வழியே தடவி, உலர்ந்தபின் சாயமூட்டினால், பசை பட்ட இடம் நிறமேறாது நிற்கும். இக்கலையில் வல்ல செரிசாவா கெய்சுக்கே என்பாரை 1956இல் அந்நாட்டரசு சிறப்பித்தது.

வகுப்பறையிலே பட்டிழை வேண்டா. மெழுகேற்றிய மட்டை போதும். முதலில் நீர்வண்ணத்தை மெல்லெனத் தீற்றி உலரவிடுக. பின்பு வண்ணத்தைக் கட்டியாகக் குழைத்து, தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, வெட்டுத்தாளின்மேற் குத்துக. நீர் மிகின் வண்ணம் கீழே ஊறி விளிம்பைக் கெடுக்கும். ஈற்றிலேயே லினோக் கட்டையால் எண்ணெய் மையை ஒற்றுதல் வேண்டும். முந்தி ஒற்றினால் அம்மை நீர்வண்ணத்தை ஏற்காது விலக்கும்.

பாலங்கள் விட்ட இடைவெளிகளில் அடிவண்ணம் தெரியும். அவற்றைத் தூரிகையால் மூடுவார் உளர். மூடாது விடுதலே நன்றென்பேன். முன்னாளிலே தேயிலைப் பெட்டிகளின்மேற் பதித்த தோட்டப் பெயர்களில் அவை அப்படியே நின்றன. அவ்வெழுத்துக்களுக்கு அழகு தந்தனவும் அவையே.