வற்றும் பெருக்கும்

கரையோரத்தில் வாழும் நமக்கு வற்றும் பெருக்கும் புதுமையல்ல. சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால், நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பூரணையை அடுத்து ஏற்றம் மிகும். ஆயினும் நமது மேற்குக் கரையில் இவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே.

செல்வத்தின் ஏற்றத் தாழ்வையும் நம் புலவர்கள் இயற்கையின் நியதியாகவே கண்டனர். யாரிடமும் தங்காது சுழலும் வண்டிச் சக்கரத்துக்கு அதனை ஒப்பிடுகிறது நாலடியார். அழகிய உவமைதான், ஆனால் புத்தளம் மாவட்டத்து இறால் பண்ணைகளுக்கு அது பொருந்துமா?

1980களில் சிலாபத்துக்கு வடக்கே கண்டல் காடுகளும் உவர்நிலங்களும் இறால் குளங்களாயின. ஏற்றுமதியில் நல்ல விலை கிடைத்தது, பண்ணைகள் நெருங்கின. ஒல்லாந்தர் கால்வாயில் நீர் எடுத்தவர்கள் கழிவுநீரையும் அதிலேயே விட்டனர். ஒருவருடைய கழிவு அடுத்தவருடைய குளத்து நீராயிற்று! 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, அந்த நீர்வழியே குளத்துக்குக் குளம் பரவியது. வைரசு தொற்றிய குளத்தில் சில நாட்களுக்குள் இறால் முழுவதும் மடியக்கூடும். கடன்பட்டுக் குளம் வெட்டிய சிறியோருக்கு அடுத்த போகத்துக்கு முதல் ஏது? பல பண்ணைகள் கைவிடப்பட்டன.

இந்த இறக்கத்துக்குச் சந்திரன் காரணமல்ல. வற்றிய நீர் சில மணி நேரத்தில் திரும்பும். வெட்டிய கண்டலோ எளிதில் திரும்பாது. பாழ்பட்ட குளத்தின் வரம்புகள் பெருக்கு நீரை உள்ளே விடுவதில்லை. பின்னர் பண்ணைப் பகுதிகளை வலயங்களாகப் பிரித்து, குஞ்சு விடும் காலங்களை வகுத்தனர். ஒரு வலயம் வளர்க்கையில் மற்றொன்று ஓய்ந்திருக்க வேண்டும்.