மாரடைப்புக்குப் பின்: மலைநாட்டில் வீட்டுவழிப் புனர்வாழ்வு

மாரடைப்பு கண்டவரை உயிர் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவதோடு மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். நோயாளிக்கோ அன்றுதான் ஐயங்கள் தொடங்குகின்றன. படி ஏறலாமா? சுமை தூக்கலாமா? தேயிலைத் தோட்டத் தொழிலாளியாயின், கொளுந்து மூட்டையுடன் சரிவில் மீண்டும் நடக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் முறையான பயிற்சியே இதயப் புனர்வாழ்வு எனப்படுகிறது. உடற்பயிற்சி, மருந்து ஒழுங்கு, உணவு மாற்றம், புகைப்பழக்கத்தைக் கைவிடுதல், அச்சம் போக்குதல் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

இப்பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனையிலேயே அளிக்கப்படுகிறது. கேரளத்தின் தமிழக எல்லைப் பகுதிகளை வைத்துப் பார்த்தால் இதிலுள்ள இடர்ப்பாடு புலப்படும். பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் சமவெளி. கோயம்புத்தூர் தொலைவில் இல்லை. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் நிலை வேறு. அம்மாவட்டத்தில் இரயில் பாதையே கிடையாது. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. வாரம் இருமுறை வீதம் 12 வாரங்கள் என்றால் 24 பயணங்கள். லயத்தில் வாழும் தொழிலாளிக்கு இவை 24 நாள் கூலி. துணைக்கு வருபவரின் கூலி தனி.

அப்படியாயின் பயிற்சியை வீட்டுக்கே கொண்டு செல்ல இயலாதா? 1992-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 176 நோயாளிகளிடம் இது ஆராயப்பட்டது. ஆறு வாரப் பயிற்சிக் கையேட்டை வீட்டிலேயே பின்பற்றியவர்களிடம் அச்சமும் மனச்சோர்வும் குறைந்தன. முதல் ஆறு மாதங்களில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோரும் குறைவு. பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும், ஓராண்டு வரையில் இறப்பு விகிதம், உடல் வலிமை, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் மருத்துவமனைப் பயிற்சிக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை.

நோயாளிகளின் அனுபவம் இரு பக்கம் உடையது. அலைச்சல் இல்லை, குடும்பத்தினரும் பங்கு கொள்கின்றனர் என்பது ஒரு பக்கம். தனியே நடக்கையில் நெஞ்சு சற்றுப் படபடத்தாலும் பயிற்சியையே நிறுத்திவிடும் அச்சம் மறுபக்கம். தன்னைப் போல் நோயுற்று மீண்ட ஒருவரோடு பேசும் வாய்ப்பும் வீட்டில் கிட்டுவதில்லை.

நம் நாட்டில் யோகாசன வழியும் ஆராயப்பட்டுள்ளது. 24 மருத்துவ நிலையங்களில் 3,959 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2020-இல் வெளிவந்தது. 13 அமர்வுகளில் எளிய ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் தியானமும் கற்பிக்கப்பட்டு, வீட்டில் தொடருமாறு கூறப்பட்டது. யோகம் பயின்றவர்கள் தம் பழைய அலுவல்களுக்கு மீள்வதில் சற்று முன்னேறியிருந்தனர். ஆனால் இறப்பும் மறு மாரடைப்பும் உறுதியாகக் குறைந்தன என்று கூற இயலவில்லை. யோகம் மருந்துக்கு மாற்று என்று விளம்பரம் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மலைநாட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கவும்" என்ற அறிவுரை சித்தூரில் பொருந்தும். வாசலைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும் தேவிகுளத்தில் அதே அரை மணி இதயத்திற்குப் பன்மடங்கு உழைப்பாகிவிடக்கூடும். இங்கே தொலைவையும் நேரத்தையும் விட மூச்சே நல்ல அளவுகோல். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். தொடக்கத்தில் லயத்தின் முன்னுள்ள சமதரையில் சில நிமிடங்கள் நடந்து, படிப்படியாகக் கூட்டலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் தோன்றினால் உடனே அமர வேண்டும். வலி நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இதயச் செயலிழப்போ சீரற்ற துடிப்போ உள்ளவர்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றித் தொடங்கலாகாது.

இவற்றை யார் எடுத்துரைப்பது? 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், 14 மருத்துவமனைகளின் 806 நோயாளிகளிடையே, பயிற்சி பெற்ற சமுதாய நலப் பணியாளர்கள் மருத்துவமனையிலும் வீட்டிலும் சந்தித்துப் பேசிய பிரிவினர் மருந்தை மேலும் ஒழுங்காக உட்கொண்டனர். கேரளத்தின் ஆஷா பணியாளர்கள் இப்பொறுப்புக்கு உகந்தவர்கள். எனினும் மருத்துவமனை தரும் விடுவிப்புச் சீட்டு ஆங்கிலத்திலும், வாய்மொழி அறிவுரை மலையாளத்திலும் அமைந்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு எஞ்சுவது மாத்திரை அட்டை மட்டுமே. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள உரிமை வழங்கியது. எந்த மாத்திரை எப்போது, எவ்வளவு நடை, எப்போது நிறுத்துவது என்ற மூன்று செய்திகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தர, புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.