ஊசி லேசாக இருந்தால் இசைத்தட்டு பிழைக்குமா?

பரணிலிருந்து எல்பி தட்டுகளை இறக்கி மறுபடி ஓட்டுகிறவர்கள் பலர். அந்தத் தட்டுகளுக்குத் தீங்கு செய்வது, அவற்றைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மில் நாம் செய்யும் சில காரியங்களே.

நம்பிக்கை: ஊசி எவ்வளவு லேசாக அழுத்துகிறதோ, தட்டுக்கு அவ்வளவு நல்லது.

உண்மை: நேர்மாறு. பள்ளத்தின் இரு சுவர்களையும் ஊசி விடாமல் தொட்டபடி ஓட வேண்டும். அழுத்தம் போதாதபோது, நாகஸ்வரம் ஓங்கும் இடத்திலும் பாடகரின் ‘ஸ’ சீறும் இடத்திலும் ஊசி சுவரைவிட்டு எழும்பி, மறுகணம் மோதி விழும். நமக்குக் கேட்கும் கரகரப்பு, ஊசிமுனையின் வைரம் வினைலைக் கீறும் ஓசை. கீறினது கீறினதுதான், பிறகு எவ்வளவு சரியாக வைத்தாலும் அந்த இடம் தேறாது. ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய பாகம்) தயாரிப்பாளர் சொல்வது 1.8 கிராம், டெனான் டிஎல்-103க்கு 2.5 கிராம். 1.8 கேட்கும் ஊசியை 1.2இல் ஓட்டுவது தட்டுக்குச் செய்யும் கருணையல்ல. சந்தேகம் வந்தால், கொடுத்திருக்கும் வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். ஆர்மின் பின் எடையில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல், சிறு டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: பள்ளமில்லாத வெற்றுத் தட்டில் ஊசி நகராமல் நின்றால் ஆன்டி-ஸ்கேட்டிங் சரி.

உண்மை: ஆர்மை மையத்தை நோக்கி இழுப்பது, ஊசிக்கும் பள்ளத்துக்கும் இடையிலான உராய்வு. வழவழப்பான பரப்பில் அந்த உராய்வே வேறு. ஆர்மை வெளிப்பக்கம் தள்ளும் ஆன்டி-ஸ்கேட்டிங் இந்த இழுப்பைச் சமன்செய்யாவிட்டால் ஊசி இடது சேனல் இருக்கும் உட்சுவரில் சாய்ந்து, வெளிச்சுவரில் பிடி தளரும். ஆகவே வலது ஸ்பீக்கரில் மட்டும் ‘ஸ’ பிசிறினால் ஆன்டி-ஸ்கேட்டிங்கைச் சற்றுக் கூட்டுங்கள். இடதில் பிசிறினால் குறையுங்கள். காதுதான் இங்கே நல்ல கருவி.

நம்பிக்கை: கார்ட்ரிட்ஜைச் சரியாகப் பொருத்திவிட்டால் தட்டு முழுவதும் கோணப் பிழையே இராது.

உண்மை: தட்டை வெட்டிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது, நம் ஆர்ம் வில்லாக வளைந்து போகிறது. கோணப் பிழையைக் குறைக்க உதவும் பேர்வால்ட் கணக்குப்படி பொருத்தினாலும், மையத்திலிருந்து சுமார் 66, 121 மில்லிமீட்டரில், இரண்டே இடங்களில்தான் பிழை முற்றிலும் மறையும். மற்ற இடங்களில் அதைக் குறைக்கலாம், அவ்வளவே. கடைசிப் பாட்டு கலங்கலாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஊசிக்கடியில் தட்டின் வேகம் வெளிவிளிம்பில் நொடிக்கு 51 சென்டிமீட்டர், உள்ளே 21தான்.

நம்பிக்கை: ஆர்மின் உயரத்தை இம்மி மாற்றினாலும் இசை தலைகீழாகும்.

உண்மை: ஒன்பது அங்குல ஆர்மில் 4 மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் ஊசியின் சாய்வு ஒரு டிகிரி மாறும். கூர்மையாகத் தீட்டிய ஊசிகளில் இது ஓரளவு கேட்கலாம். சாதாரண ஊசிக்கு, ஓடும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருந்தால் போதும்.

விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், ஒரு தராசும் கோணம் பார்க்கும் அட்டையும் வாங்கி, கையில் இருப்பதைச் சீராக்கிக் கேளுங்கள்.